கேம்பஸ் கராஜ்: பக்கிக்குப் பொய் சொல்லத் தெரியாது!

இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ், அரியர்னு தலைக்குள்ள ஓடுற எல்லா இன்ஜினையும் ஒரு அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு வாங்க. இந்த வாரம் நம்ம கராஜுக்கு வந்திருக்கிற கஸ்டமர் பேரு பக்கி. ஐயோ, திட்டலை பாஸ்... நிஜமாவே அதான் பேரு! ரிமோட் கன்ட்ரோல்ல ஓடுற நைட்ரோ ரேஸிங் பக்கி. நம்ம ஊர்ல தின்னுக்கிட்டே இருக்கிறவனைப் 'பக்கி'னு சொல்வோமே, அந்த அர்த்தமும் இதுக்குக் கச்சிதமாப் பொருந்தும். 125 மில்லி டேங்க்கை எட்டு, ஒன்பது நிமிஷத்துல காலி பண்ணிட்டு, 'அப்புறம்?'னு நம்ம மூஞ்சியைப் பார்க்கும்.

இதை எப்படி வளர்க்கிறது, எப்படிக் குளிப்பாட்டுறது, ரேஸுக்கு எப்படி ரெடி பண்றதுன்னு சொல்லப் போறேன். கூடவே, நான் ஒரு இன்ஜினைக் கொன்ன கதையும் வருது. அதை எழுதலாமா வேண்டாமான்னு மூணு நாள் யோசிச்சேன். ஆனா, அது இல்லாம இந்தக் கட்டுரை வெறும் மேனுவல்தான். அதனால எழுதிட்டேன்.

பக்கியின் ஜாதகம்

'பொம்மை கார்தானே'ன்னு நினைச்சா பல்புதான்! ரேஸ்ல ஓடுற பக்கி, நிஜ காரில் எட்டில் ஒரு பங்கு சைஸ். எடை மூணேகால், மூணரை கிலோ. இன்ஜின் வெறும் 3.5 சிசி. ஆனா அது நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுத்துக்கு மேல சுத்தும். நம்ம பைக் பத்தாயிரம் தொட்டாலே 'அலறுது'ம்போம். வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டும். முன்னாடி ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு மூணு டிஃபரன்ஷியல். நாலு சக்கரத்துக்கும் பவர் போகும். நாலு ஷாக் அப்ஸார்பர், டிஸ்க் பிரேக்னு சகலமும் உண்டு.

இதுக்கு உலகச் சாம்பியன்ஷிப்பே இருக்கு. 1/8 ஆஃப்ரோடு பிரிவின் முதல் உலகப் போட்டி 1986-ல ஃபிரான்ஸில் நடந்துச்சு. 2016-ல அமெரிக்காவின் லாஸ் வேகாஸ்ல நடந்ததுல ஜெயிச்சவர் ஸ்வீடன்காரர் டேவிட் ரோன்னஃபால்க். ஃபைனல் ஒரு மணி நேரம் ஓடும். நடுவுல நடுவுல பிட் ஸ்டாப்புக்கு வந்து எரிபொருள் ஊத்திக்கிட்டுப் போகணும். இன்னைக்கு பேட்டரியில ஓடுற பக்கிகள் வேகத்துல எந்த விதத்திலும் சளைச்சதில்லை. சொல்லப்போனா பராமரிப்பும் ரொம்பக் கம்மி. ஆனா பேட்டரி பக்கி புகை விடாது, கத்தாது, கோவிச்சுக்காது. மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு அது எப்படிப் போதும், சொல்லுங்க!

ஸ்பார்க் இல்லாம வெடிக்கும் மாயம்

இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஆனா ஸ்பார்க் பிளக், மேக்னெட்டோ எதுவுமே கிடையாது. இருக்கிறது குளோ பிளக். பிளக்கோட வாயில பிளாட்டினம் கலந்த ஒரு குட்டிக் கம்பிச் சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது 1.5 வோல்ட் கொடுத்தா சுருள் பழுத்துச் சிவக்கும். இன்ஜின் பத்திக்கிட்டதும் வோல்ட்டைக் கழட்டிடலாம். அப்புறம் எப்படிச் சிவப்பாவே இருக்குன்னு கேட்டா, அங்கதான் கெமிஸ்ட்ரி வாத்தியார் உள்ளே வர்றார். எரிபொருள்ல இருக்கிற மெத்தனாலும் பிளாட்டினமும் சேர்ந்தா, பிளாட்டினம் வினையூக்கியா வேலை செஞ்சு சூட்டை விடாமப் பிடிச்சு வெச்சுக்கும். ஒவ்வொரு சுத்துலயும் எரியுற சூடும் சேர்ந்துக்கும். 1940-களின் கடைசியில ரே ஆர்டன்ங்கிற அமெரிக்கர்தான் இந்தக் குளோ பிளக்கை மாடல் இன்ஜின்களுக்காகப் பிரபலமாக்கினவர்.

எரிபொருள்ல மூணு ஐட்டம். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய். ரேஸ்காரங்க பெரும்பாலும் 25 சதவிகிதம் நைட்ரோ கலந்ததைப் பயன்படுத்துவாங்க. நைட்ரோமீத்தேன்ல என்ன விசேஷம்? கிலோ கணக்குல பார்த்தா, பெட்ரோலோட சக்தியில கால் பங்குதான் இதுல இருக்கு. ஆனா ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். ஏன்னா, ஆக்ஸிஜனைத் தன் மூலக்கூறுக்குள்ளயே கட்டுச்சோறு மாதிரி கட்டிட்டு வந்திருக்கு. ஸோ, அதே அளவு காத்துக்குப் பல மடங்கு எரிபொருளை உள்ளே தள்ளலாம். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா, பெட்ரோலைவிட ரெண்டு மடங்குக்கு மேல சக்தி!

மூணாவது ஐட்டமான எண்ணெயை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்குங்க. இந்த இன்ஜினுக்குத் தனியா ஆயில் ஊத்துற இடம் கிடையாது. எரிபொருளோட வர்ற எண்ணெய்தான் பிஸ்டனுக்குச் சாப்பாடு. கதையே இதுலதான் இருக்கு.

நாலு பேரு, ஒரு பக்கி

எங்க டீம்ல நாலு பேர். ரெண்டு ஃபைனல் இயர் அண்ணன்கள், என் ரூம்மேட், அப்புறம் நான். டெக் ஃபெஸ்ட்ல நைட்ரோ ரேஸ் இருக்குன்னு தெரிஞ்சதும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பக்கி வாங்கினோம். பாடி பழசு. இன்ஜின் மட்டும் பெட்டி பிரிக்காத புதுசு. என் பங்கு, அப்பா அனுப்பின மெஸ் காசுல மிச்சம் பிடிச்சது. ரூம்மேட்டோட பங்கு, ஒன்பதாம் கிளாஸ் பசங்களுக்கு ட்யூஷன் எடுத்துச் சம்பாதிச்சது. அந்த வித்தியாசம் வாங்கும்போது எனக்கு உறைக்கலை.

புது இன்ஜினைப் பழக்குறது ஒரு தவம் பாஸ். இதுல பிஸ்டன் ரிங்கே கிடையாது. சிலிண்டர் ஸ்லீவ் மேல போகப் போக ஒரு துளி குறுகலா இருக்கும். பிஸ்டன் உச்சிக்குப் போனா இறுக்கிப் பிடிக்கும். சூடானதும் ஸ்லீவ் விரிஞ்சு சரியாகிடும். அதனால குளிர்ந்த இன்ஜினை அப்படியே முறுக்கக் கூடாது. முதல்ல ஹேர் டிரையர்ல தலையைச் சூடு பண்ணிட்டுத்தான் ஸ்டார்ட்டே. நிறைய எரிபொருள் போகிற மாதிரி செட்டிங் வெச்சு, புகையை வாரி இறைச்சுக்கிட்டு, ரெண்டு மூணு நிமிஷம் மெதுவா ஓட்டணும். அப்புறம் நிறுத்தி ஆற விடணும். மறுபடி ஓட்டணும். இப்படியே நாலைஞ்சு டேங்க்.

ஆற விடும்போது பிஸ்டன் கீழே இருக்கணும். இது ரொம்ப முக்கியம்! மேல இருக்கும்போது ஆறினா, சுருங்குற ஸ்லீவ் பிஸ்டனைக் கவ்விப் பிடிச்சுக்கும். அந்த இறுக்கம்தான் இன்ஜினோட ஆயுசு. அது தேய்ஞ்சா கம்ப்ரஷன் காலி. ஃப்ளைவீல்ல ஒரு மார்க் போட்டு வெச்சா, பிஸ்டன் எங்கே இருக்குன்னு வெளியில இருந்தே தெரியும்.

இது அத்தனையையும் செஞ்சது என் ரூம்மேட். ரெண்டு ஞாயித்துக்கிழமை வெயில்ல உட்கார்ந்து, ஒவ்வொரு டேங்க்குக்கும் டெம்பரேச்சர் எழுதி, ஒரு நோட்டே போட்டிருந்தான். கடைசியா ஊசி எங்கே நிக்கணுமோ அங்கே வெள்ளை மார்க்கர்ல ஒரு கோடு இழுத்தான். 'மத்தியான வெயில்ல, இந்த ஊர்ல, இந்தக் கோடு'ன்னு நோட்டுல எழுதியும் வெச்சான்.

ஊசியில இருக்கு உசுரு

கார்புரேட்டர்ல மூணு ஸ்க்ரூ. ஹை ஸ்பீடு ஊசி, லோ ஸ்பீடு ஊசி, ஐட்லிங் ஸ்க்ரூ. ஊசியை வலது பக்கம் திருப்பினா எரிபொருள் குறையும். அதுக்குப் பேர் லீன். இடது பக்கம் திருப்பினா கூடும். அது ரிச். இன்ஜின் நல்லாச் சூடானதுக்கு அப்புறம்தான் திருப்பணும். முதல்ல ஹை ஸ்பீடு, அடுத்து லோ ஸ்பீடு, கடைசியா ஐட்லிங். ஒரு தடவைக்கு எவ்வளவு திருப்பலாம்? ஸ்க்ரூவைக் கடிகாரமா நினைச்சுக்குங்க. ஒரு மணியில இருந்து ரெண்டு மணிக்குப் போற அளவு. அதுக்கு மேல போனா வம்பு.

ரிச்சா இருந்தா கார் தூங்கி வழியும். கெட்டியாப் புகை வரும். கொஞ்சம் லீன் பண்ணினா சுறுசுறுப்பாகும், சத்தம் தெளியும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது மெல்லிசாப் புகைக்கோடு ஒண்ணு கண்ணுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும். அந்தக் கோடு இருக்கிற வரைக்கும் எண்ணெய் போகுதுன்னு அர்த்தம். தெர்மாமீட்டர் இருந்தா இன்ஜின் தலையில 100-லேர்ந்து 120 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஓகே. இல்லையா, தலையில ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. தோசைக்கல்லுல தெளிச்ச மாதிரி 'சொய்ங்'னு உடனே மறைஞ்சா ஓவர் சூடு. மூணு நாலு செகண்ட் கொதிச்சு மறைஞ்சா சரி. சும்மா உட்கார்ந்திருந்தா இன்னும் ரிச்.

லோ ஸ்பீடு ஊசிக்கு ஒரு கிள்ளு டெஸ்ட். ஐட்லிங்ல ஓடும்போது எரிபொருள் ட்யூபை விரலால அழுத்திப் பிடிங்க. ரெண்டு மூணு செகண்ட் ஓடி, லேசா வேகம் ஏறி அணைஞ்சா கரெக்ட். அழுத்தினதும் பொசுக்குன்னு அணைஞ்சா லீன். ரொம்ப நேரம் இழுத்துக்கிட்டே ஓடினா ரிச்.

இன்னொரு ரகசியம்... காத்தும் ஊசியைத் திருப்பும்! சூடான காத்து லேசு. குளிர்ந்த காத்து அடர்த்தி. மத்தியானம் கரெக்டா வெச்ச ஊசி, விடியக்காலை குளிர்ல அதே இடத்துல இருந்தாலும் லீனாகிடும். ஏன்னா, காத்து அதிகம், எரிபொருள் அதே அளவு. அப்போ கொஞ்சம் இடது பக்கம் திருப்பி ரிச் பண்ணணும்.

இது எனக்குத் தெரியும் பாஸ். எக்ஸாம்ல கேட்டா ஆறு மார்க்குக்கு எழுதுவேன்.

அந்த மூணு நிமிஷம்

ஃபெஸ்ட்டுக்கு அஞ்சு வாரம் இருந்துச்சு. ஒருநாள் விடியக்காலை ஆறு மணி. மத்தவங்க தூங்குறாங்க. 'நான் ப்ராக்டீஸ் பண்ணிட்டு வந்துடறேன்'னு பக்கியைத் தூக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிட்டேன். வேடிக்கை பார்க்க ஜூனியர்ஸ் நாலைஞ்சு பேர். சீன் போடணும்ல? கோட்டுல இருந்து ஊசியை வலது பக்கம் திருப்பினேன். ஒரு மணி இல்லை, மூணு மணி அளவு. குளிர் காத்துக்கு இடது பக்கம் திருப்ப வேண்டியவன், வலது பக்கம் கால் சுத்து திருப்பினேன்.

மக்களே, அது பாடின பாட்டு இருக்கே! அதுக்கு முன்னாடி அந்த இன்ஜின் அப்படி ஓடினதே இல்லை. லீனான இன்ஜின் சாகறதுக்கு முன்னாடிதான் ரொம்ப அழகாப் பாடும். எனக்குத் தெரியலை. ஜூனியர்ஸ் விசில் அடிச்சாங்க. நான் புகைக்கோட்டைப் பார்க்கவே இல்லை. மூணு நிமிஷம். 'கீச்'னு ஒரு சத்தம். பக்கி உருண்டு போய் நின்னுடுச்சு. தொட முடியாத சூடு.

முதல் காரியமா நான் செஞ்சது என்ன தெரியுமா? இன்ஜினைப் பார்க்கலை. ஊசியைத் திருப்பி வெள்ளைக் கோட்டுல கொண்டுவந்து வெச்சேன்.

ரூமுக்கு வந்து, "பிளக் போயிடுச்சு போலடா"ன்னேன். பிளக் மாத்தினோம். ஓடலை. கையால சுத்தினா பிஸ்டன் உச்சியில இறுக்கமே இல்லாம வழுக்கிக்கிட்டுப் போச்சு. ரூம்மேட் நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்தான். ராத்திரி ஒரு மணிக்கு முழிச்சுப் பார்த்தா, செல்போன் வெளிச்சத்துல பக்கம் பக்கமாத் திருப்பிக்கிட்டு இருக்கான். மறுநாள் அண்ணன்கள்கிட்ட அவனே போய், "என் செட்டிங் தப்பாகிடுச்சுண்ணா. பழக்கும்போதே எங்கேயோ கோட்டை விட்டிருக்கேன். ஸாரிண்ணா"ன்னான். நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். வாயைத் திறக்கலை.

'இது எண்ணெய் குடிக்காம ஓடியிருக்கு தம்பி'

காலேஜ் பக்கத்துல ஒரு டூ வீலர் மெக்கானிக் அண்ணன் இருக்கார். ஆர்எக்ஸ் 100 ஸ்பெஷலிஸ்ட். 1996-லேயே உற்பத்தி நின்னுபோன வண்டியை இன்னும் வரிசையில நிறுத்தி வெச்சு வேலை பார்க்கிறார். டூ ஸ்ட்ரோக் சத்தத்தைக் கேட்டே 'காத்து லீக்', 'ஜெட் அடைப்பு'ன்னு சொல்லிடுவார். ரெண்டாவது நாள் நாங்க ரெண்டு பேரும் பக்கியைத் தூக்கிட்டு அவர்கிட்ட போனோம். "என்ன தம்பி, வண்டி குட்டி போட்டுருச்சா?"ன்னு சிரிச்சுக்கிட்டே தலையைக் கழட்டினார்.

பிளக்கை வெளிச்சத்துல காட்டினார். பளபளன்னு ஈரமா இருக்க வேண்டிய சுருள், சாம்பல் பூத்து நெளிஞ்சு கிடந்துச்சு. பிஸ்டன் ஓரத்துல நேர்க்கோடா கீறல்.

"இது எண்ணெய் குடிக்காம ஓடியிருக்கு தம்பி. ஊசியை யாரு திருகினது?"

"யாரும் திருகலைண்ணே. கோட்டுலதான் இருக்கு"ன்னான் ரூம்மேட்.

அண்ணன் என்னைத்தான் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. "ஸ்க்ரூ பொய் சொல்லலாம். பிஸ்டனுக்குத் தெரியாது"ன்னு மட்டும் சொல்லிட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு டீ சொல்லப் போயிட்டார்.

அந்த டீ வர்றதுக்குள்ள சொல்லிட்டேன். எல்லாத்தையும். குளிர், ஜூனியர்ஸ், மூணு மணி அளவு, திரும்பக் கோட்டுல வெச்சது வரைக்கும். அடிப்பான்னு நினைச்சேன். அவன் டீயைக் குடிச்சு முடிச்சுட்டு மெதுவாச் சொன்னான்... "இன்ஜின் போனதுகூடப் பரவால்லடா. ரெண்டு நாளா என் காதையே நான் நம்பாம இருந்தேன்."

அதுக்கப்புறம் ஒரு வாரம் பேசலை. ஒரே ரூம், ஒரே ஃபேன், ஒரு வார்த்தை இல்லை. அண்ணன்கள்கிட்டயும் நானே போய்ச் சொன்னேன். திட்டு வாங்கினேன். புது பிஸ்டன், ஸ்லீவ், கனெக்டிங் ராடு செட்டுக்கு மொத்தக் காசும் நான்தான்னு சொல்லிட்டு, வீக்எண்ட்ல கேட்டரிங்குக்குப் பரிமாறப் போனேன். நாலு முகூர்த்தம்! சாம்பார் வாளியோட பந்தியில ஓடும்போது, ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசுன்னா என்னன்னு எனக்கு உறைச்சுது.

சரி, இன்ஜினுக்கு உள்ளே என்னதான் நடந்துச்சு? லீன் பண்ணும்போது எரிபொருள் மட்டும் குறையலை. அதோட வர்ற எண்ணெயும் குறைஞ்சுது. மெத்தனால் ஆவியாகும்போது இன்ஜினோட சூட்டை உறிஞ்சும். அந்தக் குளிர்ச்சியும் குறைஞ்சுது. வழவழப்பும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. நிமிஷத்துக்கு முப்பதாயிரம் தடவை உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசினா என்ன ஆகும்? அதான் ஆச்சு.

ஓட்டி முடிச்சதும் குளிப்பாட்டு

புது செட் வந்ததும் மறுபடி முதல்லேர்ந்து பழக்கினோம். இந்தத் தடவை நோட்டு எழுதினது நான். ஊசியைத் தொட்டா யார், எப்போ, எவ்வளவுன்னு கையெழுத்தோட எழுதணும்னு சட்டம். அந்த நோட்டுலேர்ந்து உங்களுக்குச் சில பக்கங்கள்...

ஏர் ஃபில்டர்: மண்ணுல ஓடுற வண்டிக்கு இதுதான் மூக்கு. ஒரு சிட்டிகை தூசு உள்ளே போனா பிஸ்டனுக்கு உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி. ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிஞ்சதும் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணியில அலசி, நல்லாக் காயவெச்சு, ஃபில்டர் ஆயில் விட்டுப் பிசைஞ்சு மாட்டுங்க. ரெண்டு ஸ்பாஞ்ச் வாங்கி மாத்தி மாத்திப் போட்டா டென்ஷன் இல்லை. ஃபில்டர் கார்புரேட்டரோட சேர்ற இடத்துல இடைவெளி இல்லாம டை போட்டு இறுக்குங்க.

டேங்க்ல மிச்சம் வைக்காதே: மெத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். அது இன்ஜினுக்குள்ள தங்கினா பேரிங் துருப்பிடிக்கும். கடலோர ஊர்க்காரங்களுக்கு டபுள் எச்சரிக்கை! டேங்க்கைக் காலி பண்ணிட்டு, மிச்சத்தையும் ஓடவிட்டு எரிச்சுடுங்க. அப்புறம் பிளக் ஓட்டை வழியாவும் கார்புரேட்டர் வழியாவும் ஆஃப்டர் ரன் ஆயில் மூணு நாலு சொட்டு. பிளக்குக்கு வோல்ட் கொடுக்காம நாலு சுத்து சுத்தி, பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து வெச்சுட்டுத் தூங்கப் போங்க.

பல் சக்கரம்: கிளட்ச் பெல்லும் பெரிய கியரும் சேர்ற இடத்துல ஒரு பேப்பர் துண்டைக் கொடுத்து சுத்துங்க. பேப்பர் கிழியாம, பல்லோட தடம் மட்டும் வந்தா இடைவெளி சரி. ரொம்ப நெருக்கினா சூடு, விலக்கினா பல் போயிடும். கிளட்ச் பெல் பேரிங்கை ஒவ்வொரு தடவையும் கழட்டிச் சுத்திப் பாருங்க. கரகரன்னா மாத்திடுங்க. உலோகத்துல இறங்குற ஸ்க்ரூவுக்கெல்லாம் த்ரெட் லாக் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்ல இறங்குற ஸ்க்ரூவுக்கு வேண்டாம்.

ஃபெயில்சேஃப்: ரிமோட் சிக்னல் போனாலோ, ரிசீவர் பேட்டரி இறங்கினாலோ, கார் தானா பிரேக் பிடிக்கணும். அந்த செட்டிங் இல்லாம இன்ஜினை ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. மூணரை கிலோ, 70 கிலோமீட்டர் வேகம்... யாரோட கணுக்கால்லயாவது போய் மோதினா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

செட்டப்: ஒரு நேரத்துல ஒண்ணு!

ஓடுறது வேற, ரேஸ்ல ஓடுறது வேற. மேடு பள்ளத்துல தாவி, வளைவுல வழுக்காமத் திரும்ப செட்டப் பண்ணணும்.

ஷாக்ல ஊத்துறது சிலிகான் ஆயில். காத்துக் குமிழ் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஆயிலை ஊத்தி, பிஸ்டனை மெதுவா மேல கீழ ஆட்டி, குமிழெல்லாம் மேல வர்ற வரைக்கும் பொறுமையா நிறுத்தி வைங்க. நம்ம ஊர் வெயில்ல ஆயில் இளகிடும். அதனால குளிர் தேசத்துக்காரங்க சொல்றதைவிட ஒரு படி கெட்டியான ஆயில் நமக்கு சரி. காரை ஒரு ஜாண் உயரத்துலேர்ந்து கீழே போட்டுப் பாருங்க. பந்து மாதிரி குதிக்காம, ஒரே அமுங்கல்ல அமுங்கி நிமிரணும். நிமிர்ந்ததும் டிரைவ் ஷாஃப்ட் தரைக்கு இணையா நின்னா, ஆரம்ப உயரம் அதுதான்.

டிஃபரன்ஷியல்லயும் சிலிகான் ஆயில்தான், ஆனா தேன் பதத்துல. முன்னாடி 5000, நடுவுல 5000, பின்னாடி 3000-ன்னு ஆரம்பிக்கலாம். நடு டிஃபரன்ஷியல் ரொம்ப இளக்கமா இருந்தா, பவர் எல்லாம் லேசா இருக்கிற முன் சக்கரத்துக்குப் போய் அது காத்துல சும்மா சுத்தும். கெட்டியாக்கினா பின் சக்கரத்துக்கும் பவர் கிடைச்சு வண்டி முன்னாடி பாயும். ஓவராக் கெட்டியானா, வழுக்குற மண்ணுல பின்பக்கம் ஆட ஆரம்பிச்சுடும்.

சக்கரத்தோட தலை உள்பக்கமா ஒரு டிகிரி, ரெண்டு டிகிரி சாஞ்சிருக்கணும். அது கேம்பர். பின் சக்கரம் ரெண்டும் மூக்கை உள்பக்கம் மூணு டிகிரி வரைக்கும் திருப்பி வெச்சிருந்தா நேர்க்கோட்டுல நிலையா ஓடும். அது டோ இன்.

எல்லாத்தையும்விடப் பெரிய விதி... ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. ஓட்டுங்க. எழுதுங்க. மூணை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு ஆண்டவனுக்கே தெரியாது.

கொஞ்சம் சீரியஸா...

இந்த இடத்துல காமெடி கிடையாது. மெத்தனால் விஷம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடிச்சு 60 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதே மெத்தனால்தான் நம்ம கையில இருக்கிற கேன்லயும் இருக்கு. உள்ளே போனா கண் போகும், உயிர் போகும். தோல் வழியாவும் உடம்புக்குள்ள இறங்கும். அதனால கையுறை கட்டாயம். வாயால ட்யூபை உறிஞ்சி எரிபொருள் இழுக்கிற வேலை கூடவே கூடாது. எரிபொருளை வாட்டர் பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க. ஹாஸ்டல்ல யார் எதைத் தூக்கிக் குடிப்பாங்கன்னு நமக்குத் தெரியும்!

மெத்தனால் தீ, வெயில்ல கண்ணுக்கே தெரியாது. பக்கத்துல தீயணைப்பான் வைங்க. ரூமுக்குள்ள ஸ்டார்ட் பண்ணாதீங்க. புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. மெத்தனால் வாங்க, விற்க சட்டக் கட்டுப்பாடு உண்டு. அதனால, 'கெமிக்கல் லேப்ல ரெண்டு லிட்டர் சுட்டுட்டு வந்து நாமளே கலக்கலாம்'ங்கிற ஐடியா தோணிச்சுன்னா, அதை அங்கேயே புதைச்சுடுங்க. தயாரா வர்ற எரிபொருளை, டிபார்ட்மென்ட்ல சொல்லிட்டு, பில்லோட வாங்குங்க.

கடைசி லேப்

ஃபெஸ்ட் வந்துச்சு. ஃபைனல் இருபது நிமிஷம், ஏழு கார். நடுவுல ரெண்டு தடவை எரிபொருள் ஊத்தணும். ஓட்டுறது ஃபைனல் இயர் அண்ணன். பிட்ல நானும் ரூம்மேட்டும். மத்தியானம் நடக்க வேண்டிய ரேஸ் இழுத்துக்கிட்டே போய், ஆரம்பிக்கும்போது சாயந்தரம் ஆறரை. வெயில் போய், காத்து சில்லுன்னு மாறிடுச்சு. பக்கியை ஸ்டார்ட் பண்ணி சூடாக்கிட்டு இருந்தோம். புகைக்கோடு மெலிஞ்சிருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பார்த்தோம்.

ரூம்மேட் ஸ்க்ரூ டிரைவரை என் கையில கொடுத்தான். "நீயே திருப்பு"ன்னான்.

சத்தியமா சொல்றேன், கை நடுங்குச்சு. இடது பக்கம், ஒரு மணி அளவு. ஒண்ணே ஒண்ணு. புகைக்கோடு திரும்ப வந்துச்சு. சத்தம் லேசா மந்தமாச்சு. ஸ்பீடு கொஞ்சம் குறைஞ்சிருக்கும். பரவாயில்லை.

முதல் அஞ்சு நிமிஷம் நாங்க ஆறாவது. எங்களைத் தாண்டிப் போன ஒரு பக்கி என்னமா பாடிக்கிட்டுப் போச்சு தெரியுமா! எனக்கு அந்தப் பாட்டு நல்லாவே தெரியும். பதினோராவது நிமிஷம் வளைவுல 'கீச்'. அது நின்னுடுச்சு. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு கிளட்ச் பேரிங் போய் ஓரமா ஒதுங்குச்சு. நாங்க ஓடிக்கிட்டே இருந்தோம். கொடி விழும்போது நாலாவது இடம். கப்பு கிடையாது. சர்ட்டிஃபிகேட்கூட 'பங்கேற்பு'தான்.

ஆனா ஒண்ணு பாஸ்... ராத்திரி ரூம்ல பக்கியோட டேங்க்கைக் காலி பண்ணி, ஆயில் சொட்டு விட்டு, பிஸ்டனைக் கீழே நிறுத்தின பிறகு, ரூம்மேட் நோட்டைத் திறந்து எழுதினான். 'சாயந்தரம் ஆறரை, சில் காத்து, கோட்டுலேர்ந்து இடது பக்கம் ஒரு மணி. திருப்பினது:'ன்னு எழுதிட்டு என்கிட்ட நீட்டினான். கையெழுத்துப் போட்டேன்.

உங்க கையிலயும் ஏதாவது ஒரு ஸ்க்ரூ இருக்கும். தப்பாத் திருப்பிட்டீங்கன்னா, திரும்பக் கோட்டுல வெச்சு மறைக்காதீங்க. போய்ச் சொல்லிடுங்க. டீ வர்றதுக்குள்ள!

அடுத்த வாரம் ஹாஸ்டல் வாட்டர் ஹீட்டர் ஏன் ஷாக் அடிக்குதுன்னு கழட்டிப் பார்க்கலாம். மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு வாங்க... வர்ட்டா!